ஆடியோர் ஆண்ட களம்

நுழையும்முன்

ஒருவருடைய திறமை யாருக்கு உரியது? பயிற்சியால் அதனை வளர்த்துக்கொண்டவருக்கா, ஊதியம் கொடுத்து அதனைப் பயன்படுத்திக்கொள்பவருக்கா? தொழிற்சாலைகளிலும் வயல்வெளிகளிலும் எழுந்த இந்த வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் விளையாட்டுத் திடலிலும் எழுந்தது. விடைதேடிய பேஸ்பால் வீரர்கள் 1890ஆம் ஆண்டில் தமக்கெனத் தனி லீக் ஒன்றையே தொடங்கினர். ஒரே ஒரு பருவம் மட்டும் நடந்து மறைந்த அந்த ‘ஆட்டக்காரர் லீக்’, விளையாட்டு வரலாற்றில் மட்டுமன்றி உழைப்பாளர் வரலாற்றிலும் இடம்பெறத்தக்கது.

பொழுதுபோக்கு தொழிலாதல்

கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. பந்துவீச்சாளர் வீசும் பந்தை அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திற்கே மட்டையாளர் திரும்பிவந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். ஓர் அணிக்கு ஒன்பது பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகர இளைஞர்களின் பொழுதுபோக்காக வளர்ந்த இவ்வாட்டம், விரைவிலேயே கட்டணம் செலுத்திக் காணும் காட்சியாயிற்று. 1869ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகர அணி, தன் வீரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாக ஊதியம் வழங்கத் தொடங்கியது.

1871ஆம் ஆண்டில் தொழில்முறை வீரர்களின் பெயரிலேயே ஒரு தேசியச் சங்கம் உருவானது. அதில் வீரர்கள் ஆண்டுதோறும் விரும்பிய அணிக்கு மாறினர். பல அணிகள் பருவத்தின் நடுவிலேயே கலைந்தன. இந்த ஒழுங்கின்மையைக் களைவதற்காக வில்லியம் ஹல்பர்ட் என்னும் சிகாகோ வணிகர், 1876ஆம் ஆண்டில் எட்டு அணிகளைக் கொண்ட ‘நேஷனல் லீக்’ அமைப்பைத் தோற்றுவித்தார். ஆட்ட அட்டவணை ஒழுங்குபெற்றது. சூதாட்டத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. அதே வேளையில், ஆட்டத்தை நடத்தும் அதிகாரம் வீரர்களிடமிருந்து அணி உரிமையாளர்களின் கைக்கு மாறியது.

தக்கவைப்பு விதி

1879ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பஃபலோ நகரில் கூடிய உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் தன் வீரர்களில் ஐவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவர்களை வேறெந்த அணியும் அழைக்கக்கூடாது. தொடக்கத்தில், ஐவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதை வீரர்கள் பெருமையாகவே கருதினர். அடுத்த ஆண்டும் வேலை உறுதி என்பது அதன் பொருளாக இருந்தது. ஆனால், ஐந்து என்ற எண்ணிக்கை 1883இல் பதினொன்றாகவும் 1887இல் பதினான்காகவும் உயர்ந்தது. ஓர் அணியின் ஏறத்தாழ எல்லா வீரர்களும் அவ்விதிக்குள் அடங்கிவிட்டனர்.

இவ்விதி செயற்பட்ட முறை எளிமையானது. வீரர் ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொள்வார். ஆண்டு முடிந்ததும் அவரை மறு ஆண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அந்த மறு ஆண்டு ஒப்பந்தத்திலும் இதே விதி இருக்கும். இவ்வாறு, ஓராண்டுக் கட்டு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டு வாழ்நாள் கட்டாக நீண்டது. கொடுக்கும் ஊதியத்தை ஏற்றுக்கொள்ளுதல், ஆட்டத்தையே கைவிடுதல் என்னும் இரு வழிகளே வீரருக்கு இருந்தன. அணி நிர்வாகமோ, பத்து நாள் முன்னறிவிப்புடன் எந்த வீரரையும் நீக்கிவிடலாம்.

உரிமையாளர்கள் கூறிய காரணத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. கட்டுப்பாடு இல்லையெனில், செல்வம் மிகுந்த அணிகள் சிறந்த வீரர்கள் அனைவரையும் ஈர்த்துக்கொள்ளும். ஊதியம் கட்டுக்கடங்காது உயரும். சிறு நகரங்களின் அணிகள் நலிந்து மறையும் என்று அவர்கள் வாதிட்டனர். எனினும், அந்தப் பாதுகாப்பிற்கான விலை முழுவதையும் வீரர்களே செலுத்த வேண்டியிருந்தது. 1885ஆம் ஆண்டில், ஒரு வீரரின் ஆண்டு ஊதியம் 2,000 டாலரைத் தாண்டக்கூடாது எனவும் உரிமையாளர்கள் முடிவெடுத்தனர்.

1887ஆம் ஆண்டில் நடந்த ஒரு விற்பனை இந்நிலையை நாட்டுக்கே வெளிச்சமிட்டுக் காட்டியது. ‘மன்னர் கெல்லி’ என்று மக்கள் கொண்டாடிய மைக் கெல்லியைச் சிகாகோ அணி, பாஸ்டன் அணிக்கு 10,000 டாலருக்கு விற்றது. ஊதிய வரம்பைப் போல ஐந்து மடங்கான அத்தொகை, விற்ற அணிக்கே உரியதாயிற்று. ஒருவரின் கால்வேகத்துக்கும் கைத்திறனுக்கும் அவ்வளவு பெரிய விலை உண்டெனில், அவ்விலை ஏன் அவரைச் சென்றடையவில்லை என்னும் வினா வீரர்களிடையே எழுந்தது.

சட்டம் பயின்ற வீரர்

அவ்வினாவுக்குச் சொல்வடிவம் தந்தவர் ஜான் மாண்ட்கோமரி வார்ட். பென்சில்வேனியா மாநிலத்தில் 1860ஆம் ஆண்டில் பிறந்த இவர், இருபதாம் வயதிலேயே அரிய சாதனை ஒன்றைப் படைத்தார். 1880ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைபெற்ற ஆட்டமொன்றில், எதிரணியின் மட்டையாளர்கள் இருபத்தெழுவரையும் ஒருவர்கூட ஒரு தளத்தையும் அடையாதவாறு ஆட்டமிழக்கச் செய்தார். பின்னர்த் தோள் வலியால் பந்துவீச இயலாமற்போனபோதும் அவர் ஆட்டத்தை விடவில்லை. களத்தின் நடுவே நின்று பந்தைத் தடுக்கும் வீரராகத் தம்மை மாற்றிக்கொண்டு நியூயார்க் அணியில் புகழ்பெற்றார். ஆட்டமில்லா மாதங்களில் கொலம்பியாவில் சட்டம் பயின்று, 1885ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் அணியின் வீரர்கள் ஒன்பது பேர் கூடித் ‘தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டக்காரர் சகோதரத்துவம்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினர். வார்ட் அதன் தலைவரானார். நோயுற்ற வீரர்களுக்கும் வறுமையுற்ற வீரர்களுக்கும் உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனினும் பெரிய நோக்கம், தனித்தனியே நின்று பேரம் பேச இயலாத வீரர்களை ஒருங்கிணைப்பதாகும்.

1887ஆம் ஆண்டு வார்ட் ஒரு மாத இதழில், பேஸ்பால் வீரர் ஓர் உடைமைப் பொருளா என்று வினவும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்கச் செய்த பழைய சட்டத்தோடு தக்கவைப்பு விதியை அதில் அவர் ஒப்பிட்டார். அடிமைமுறை ஒழிந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடிமைகள் பட்ட கொடுமையும் வீரர்களின் குறையும் ஒரே எடையில் வைக்கத்தக்கவை அல்ல. வீரர்கள் தொழிற்சாலை உழைப்பாளரைவிட மிகுதியாகவே ஊதியம் பெற்றனர். எனினும், ஊதியம் எவ்வளவு என்பது வார்டின் வினா அன்று. தன் உழைப்பை எங்கே அளிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே அவரது வினா.

உலகப் பயணமும் ஊதியத் தரவரிசையும்

சிகாகோ அணியின் தலைவரான ஆல்பர்ட் ஸ்பால்டிங், ஒரு காலத்தில் சிறந்த பந்துவீச்சாளராக விளங்கியவர். பின்னர் விளையாட்டுக் கருவிகள் விற்கும் பெருவணிகரானவர். 1888ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இரண்டு அணிகளை அழைத்துக்கொண்டு உலகப் பயணம் புறப்பட்டார். வார்டும் அப்பயணத்தில் ஓர் அணிக்குத் தலைமையேற்றுச் சென்றார். ஆஸ்திரேலியாவில் ஆடிய அவ்வணிகள், 1889 ஜனவரியில் இலங்கையின் கொழும்பு நகரிலும், பிப்ரவரியில் எகிப்தின் பிரமிடுகளுக்கு அருகிலும் ஆடின.

வார்ட் நாட்டில் இல்லாத அந்நாள்களில், இண்டியானாபொலிஸ் அணியின் உரிமையாளர் ஜான் பிரஷ் வகுத்த திட்டமொன்றை நேஷனல் லீக் ஏற்றுக்கொண்டது. அதன்படி வீரர்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டனர். முதல் தரத்தினருக்கு 2,500 டாலர். கடைத்தரத்தினருக்கு 1,500 டாலர். களத்தில் காட்டும் திறமை மட்டுமன்றி, களத்துக்கு வெளியே உள்ள நடத்தையும் தரத்தைத் தீர்மானிக்கும். தரம் பிரிப்போர் உரிமையாளர் தரப்பினரே.

நாடு திரும்பிய வார்ட் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு விடுத்தார். பருவம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுமொழி வந்தது. வேலைநிறுத்தம் செய்யலாம் என வீரர்கள் சிலர் கொதித்தெழுந்தனர். வார்ட் அதனை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தால் மீண்டும் அதே களத்துக்கு, அதே விதியின்கீழ்த் திரும்ப வேண்டியிருக்கும் என்று அவர் கருதினார். எனவே, களத்தையே சொந்தமாக அமைக்கும் ஏற்பாடுகள் மறைவாகத் தொடங்கின.

புதிய அமைப்பு

1889ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், நியூயார்க்கில் கூடிய சகோதரத்துவச் சங்கம் நேஷனல் லீக்கிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பாஸ்டன், புரூக்ளின், நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, பஃபலோ ஆகிய எட்டு நகரங்களில் புதிய அணிகள் உருவாயின.

மைதானம் அமைக்கவும் பார்வையாளர் மாடங்கள் எழுப்பவும் பெரும்பணம் தேவைப்பட்டது. அதனைத் தர முன்வந்தோருள் முதன்மையானவர் கிளீவ்லாந்தின் டிராம் வண்டித் தொழிலதிபர் ஆல்பர்ட் ஜான்சன். வீரர்கள் பலரும் தம் சேமிப்பைப் பங்குகளில் இட்டனர். பின்னாளில் ஐம்பது ஆண்டுகள் பிலடெல்பியா அணியொன்றின் மேலாளராக விளங்கிய கான்னி மேக், அப்போது இளம் வீரர். தம் கைப்பொருளை அவர் பஃபலோ அணியில் முதலீடு செய்தார்.

புதிய லீக்கின் விதிகள் பழைய அமைப்பை ஒவ்வொரு கூறிலும் மாற்றின. ஒவ்வோர் அணியின் நிர்வாகக் குழுவிலும் வீரர்களும் முதலீட்டாளர்களும் இடம்பெற்றனர். லீக் முழுவதையும் நடத்திய மன்றத்திற்கு, ஒவ்வோர் அணியிலிருந்தும் வீரர்கள் சார்பில் ஒருவரும் முதலீட்டாளர் சார்பில் ஒருவரும் என இருவர் அனுப்பப்பட்டனர். தக்கவைப்பு விதி நீக்கப்பட்டது. மூன்றாண்டு ஒப்பந்தம் வந்தது. வீரரின் இசைவின்றி அவரை வேறு அணிக்கு மாற்ற இயலாது. நுழைவுக் கட்டண வருவாயை ஆடும் அணிகள் இரண்டும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. களத்தில் ஒரு நடுவர் மட்டுமே இருந்த அக்காலத்தில், ஆட்டக்காரர் லீக் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரு நடுவர்களை அமர்த்தியது.

இவ்வளவு முற்போக்கான அமைப்புக்கும் எல்லைகள் இருந்தன. அக்காலத்து வெள்ளையர் அணிகள் கறுப்பின வீரர்களுக்குக் கதவை அடைத்திருந்தன. உரிமை பேசிய ஆட்டக்காரர் லீக்கும் அக்கதவைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை அது தவிர்த்தது. அதனால், வாரத்தில் அந்த ஒரு நாளே ஓய்வு பெற்ற உழைப்பாளிகள் பலர், உழைப்பாளர் பெயரால் எழுந்த லீக்கைக் காண இயலாமற்போயிற்று.

தெரியுமா?
நேஷனல் லீக்கின் நியூயார்க் அணியும் ஆட்டக்காரர் லீக்கின் நியூயார்க் அணியும் அடுத்தடுத்த மைதானங்களில் ஆடின. 1890ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், நேஷனல் லீக் ஆட்டத்தின் பதின்மூன்றாம் சுற்றில் மைக் டியர்னன் அடித்த பந்து, வேலியைத் தாண்டிப் பக்கத்து மைதானத்தின் பக்கம் சென்று விழுந்தது. அந்த ஓர் ஓட்டமே அவ்வாட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. போட்டியை மறந்து இரு மைதானத்து மக்களும் ஆரவாரம் செய்தனர்.

நீதிமன்றத்தில் ஒப்பந்தம்

நேஷனல் லீக் முதலில் சட்டத்தின் துணையை நாடியது. தக்கவைப்பு விதியின்படி வார்ட் தங்களுக்கே உரியவர் என்றும், வேறு அணியில் ஆட அவருக்குத் தடை விதிக்க வேண்டும் என்றும் நியூயார்க் அணி வழக்குத் தொடுத்தது. 1890 ஜனவரி மாத இறுதியில் நீதிபதி மார்கன் ஓ’பிரையன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். மறு ஆண்டுக்கான ஊதியமும் நிபந்தனைகளும் அவ்விதியில் தெளிவாகக் கூறப்படவில்லை. மேலும், வீரரைக் காலவரையின்றிப் பிணைக்கும் ஒப்பந்தம், அணியைப் பத்து நாள்களுக்கு மட்டுமே பிணைக்கிறது. இருதரப்புக்கும் ஒத்த கடப்பாடு இல்லாத ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தர நீதிமன்றம் முன்வராது என்பதே அம்முடிவின் சாரம். பிற வழக்குகளிலும் முடிவு பெரும்பாலும் வீரர்களுக்கே சார்பாக அமைந்தது.

சட்டம் கைவிட்டபின் பணம் களமிறங்கியது. ஸ்பால்டிங் தலைமையில் மூவர் கொண்ட போர்க்குழு அமைக்கப்பட்டது. பழைய அணிக்குத் திரும்பும் வீரர்களுக்குப் பெருந்தொகை தருவதாக ஆசை காட்டப்பட்டது. கெல்லிக்கு ஸ்பால்டிங் 10,000 டாலர் தர முன்வந்தார். சிறிது நேரம் நடந்துவிட்டு வருவதாகக் கூறிச் சென்ற கெல்லி, திரும்பிவந்து, தோழர்களைக் கைவிட இயலாது என்று மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சியை எதிரணித் தலைவரான ஸ்பால்டிங்கே தம் நூலில் பதிவு செய்துள்ளார். மூன்றாண்டுகளுக்கு முன்பு தம் பெயரில் கைமாறிய அதே தொகையைத் தம் கைக்கே வந்தபோது கெல்லி ஏற்கவில்லை.

ஒரே நகரில் இரு களங்கள்

எட்டு நகரங்களுள் பஃபலோ தவிர ஏனைய ஏழிலும் நேஷனல் லீக்குக்கும் அணிகள் இருந்தன. ஆட்டக்காரர் லீக் தன் அட்டவணையை வெளியிட்டதும், நேஷனல் லீக் வேண்டுமென்றே அதே நாள்களில் தன் ஆட்டங்களை அமைத்தது. ஒரே நகரில், ஒரே பிற்பகலில் இரண்டு ஆட்டங்கள். பார்வையாளர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரு தரப்பினரும் வருகை எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினர். இலவச நுழைவுச்சீட்டுகளை வாரி வழங்கினர்.

புகழ்பெற்ற வீரர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர் லீக்கில் இருந்தமையால் மக்களும் அதனையே மிகுதியாக நாடினர். அன்று வெளியான கணக்குப்படி, ஆட்டக்காரர் லீக்கைக் கண்டோர் ஏறத்தாழ 9,80,000 பேர். நேஷனல் லீக்கைக் கண்டோர் ஏறத்தாழ 8,13,000 பேர். கெல்லி தலைமையேற்ற பாஸ்டன் அணி வாகை சூடியது. வார்டின் புரூக்ளின் அணி இரண்டாமிடம் பெற்றது. கான்னி மேக்கின் சேமிப்பைத் தாங்கிய பஃபலோ அணி கடைசி இடத்தில் நின்றது.

ஆனால், பிரிந்துபோன கூட்டத்தைக் கொண்டு இரு தரப்பாலும் செலவை ஈடுசெய்ய இயலவில்லை. பருவத்தின் நடுவிலேயே நேஷனல் லீக்கின் நியூயார்க் அணி நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. பிற உரிமையாளர்கள் பணம் திரட்டி அதனைத் தாங்கிப் பிடித்தனர். அச்செய்தி வெளியில் பரவாமல் காக்கப்பட்டது.

வென்றும் தோற்றது

1890ஆம் ஆண்டு அக்டோபரில் இரு தரப்பினரும் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தனர். அங்கேதான் ஆட்டக்காரர் லீக்கின் அடித்தளத்திலிருந்த விரிசல் வெளிப்பட்டது. நேஷனல் லீக் தரப்பினர், வீரர்களுடன் பேச மறுத்து, முதலீட்டாளர்களுடன் மட்டுமே பேசுவோம் என்றனர். வார்ட் உள்ளிட்ட வீரர்களின் பேராளர்கள் வெளியேற்றப்பட்டனர். தங்கள் இழப்பை அறிந்திருந்த முதலீட்டாளர்கள், எதிர்த்தரப்பின் இழப்பு எவ்வளவு என்பதை அறியவில்லை. ஸ்பால்டிங் தம் தரப்பின் நலிவை மறைத்து, வலிமையுடையவர் போலப் பேசினார்.

முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வழியைத் தேடிக்கொண்டனர். நியூயார்க் அணி நேஷனல் லீக் அணியோடு இணைந்தது; சிகாகோ அணி ஸ்பால்டிங்குக்கு விற்கப்பட்டது; புரூக்ளினும் இணைப்புக்கு உடன்பட்டது. 1891 ஜனவரிக்குள் ஆட்டக்காரர் லீக் முற்றிலும் மறைந்தது. அதற்கென எழுந்த நியூயார்க் மைதானத்தில் மறு பருவத்திலேயே நேஷனல் லீக் அணி குடியேறியது.

மக்களின் ஆதரவும் வீரர்களின் ஒற்றுமையும் நீதிமன்ற முடிவும் வீரர்களின் பக்கம் இருந்தன. இருந்தும் லீக் நிலைக்கவில்லை. நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கு இடம் இருந்தது. பங்குகளிலும் சிறுபகுதி இருந்தது. ஆனால், மைதானத்தையும் பணத்தையும் தாங்கிய பெரும்பங்கு பிறர் கையில் இருந்தது. இழப்பைத் தாங்கும் ஆற்றல் யாரிடம் இருந்ததோ, அவர்களிடமே இறுதி முடிவும் சென்று சேர்ந்தது.

நெடுநாள் கழித்து வந்த விடை

வீரர்கள் பழைய அணிகளுக்குத் திரும்பினர். ஊதியம் குறைந்தது, தக்கவைப்பு விதி மீண்டும் நிலைபெற்றது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் ‘ஃபெடரல் லீக்’ என்னும் மற்றொரு போட்டி லீக் எழுந்து, அதுவும் இரு பருவங்களில் மறைந்தது. அதன் பால்டிமோர் அணி தொடுத்த வழக்கில், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது என்று 1922ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிக முற்றுரிமைத் தடைச் சட்டம் பேஸ்பாலைத் தொட இயலாதாயிற்று.

1969ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் அணி தம்மைக் கேளாமலேயே வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து, கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரர் வழக்காடினார். 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், வினா மடியவில்லை. இரு பந்துவீச்சாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே 1975ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடினர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் நடுவர் பீட்டர் சைட்ஸ், தக்கவைப்பு உரிமை ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அது முடிவின்றித் தொடராது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டில் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் ஒன்றாக அமர்ந்து, ஆறாண்டுகள் ஆடிய வீரர் விரும்பிய அணியைத் தேர்ந்துகொள்ளலாம் என்னும் உடன்பாட்டுக்கு வந்தனர். அணிகளின் நிலைபேறு, வீரரின் விடுதலை என்னும் இரண்டுக்கும் அதில் இடம் இருந்தது.

1890ஆம் ஆண்டில் பேச்சுவார்த்தை மேசையில் வீரர்களுக்கு மறுக்கப்பட்ட இருக்கை, எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்தது. அதனைக் காண வார்டும் கெல்லியும் இல்லை. ஆட்டக்காரர் லீக்கின் ஆயுள் ஒரு பருவமே. அது எழுப்பிய வினாவின் ஆயுளோ ஒரு நூற்றாண்டை நெருங்கி நின்று, விடைபெற்ற பின்னரே ஓய்ந்தது.